இருபத்தைந்து கோடியும் கைக்கு வரும் தொகையும்

“லாட்டரியில் இருபத்தைந்து கோடி விழுந்ததாம்!” என்னும் செய்தி ஓர் ஊரில் பரவச் சில நிமிடங்களே போதும். ஆனால், அந்தப் பணம் வென்றவரின் கைக்கு எவ்வாறு வந்து சேருகிறது, எவ்வளவு வந்து சேருகிறது என்பதை அறிந்தோர் சிலரே. தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் பரிசுச்சீட்டு விற்பனைக்குத் தடை உண்டு. எனினும், அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 1967-ஆம் ஆண்டு முதல் அரசே அதனை நடத்தி வருகிறது. எல்லை கடந்து சென்று சீட்டு வாங்கி வரும் நம்மவரும் உளர். ஆதலின், இதன் நடைமுறையை நாம் அறிந்திருத்தல் நலம்.

சிறு பரிசுகளை அங்குள்ள லாட்டரிக் கடைகளிலேயே பெற்றுக்கொள்ளலாம். பெரும் பரிசுக்கு அவ்வாறு இயலாது. குலுக்கல் நடந்த 30 நாட்களுக்குள் சீட்டை வங்கியின் வாயிலாகவோ லாட்டரி அலுவலகத்திலோ ஒப்படைக்க வேண்டும். சீட்டின் பின்புறம் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையொப்பமிடுதல் முதற் கடமை. உரிய அடையாளச் சான்றுகளும் இணைக்கப்பட வேண்டும். அவை சரிபார்க்கப்பட்ட பின்னரே பணம் வழங்கப்படும்.

இனி, கணக்கைப் பார்ப்போம். 2022-ஆம் ஆண்டு ஓணம் பம்பர் குலுக்கலின் முதற்பரிசு 25 கோடி ரூபாய். சீட்டின் விலை 500 ரூபாய். அப்பரிசிலிருந்து, சீட்டை விற்ற முகவருக்குரிய கழிவாக நூற்றுக்குப் பத்து வீதம் இரண்டரைக் கோடி முதலில் கழிக்கப்பட்டது. எஞ்சிய இருபத்திரண்டரைக் கோடியில் நூற்றுக்கு முப்பது வீதம், அதாவது 6 கோடியே 75 இலட்சம், வருமான வரியாகப் பிடிக்கப்பட்டது. ஆக, வென்றவருக்குரியதாக நின்ற தொகை 15 கோடியே 75 இலட்சம்.

கணக்கு இத்துடன் முடிந்துவிட்டது என எண்ணுவோர் பலர். இங்கேதான் இடர் இருக்கிறது. அவ்வாண்டு விதிப்படி, ஐந்து கோடிக்கு மேற்பட்ட வருமானத்தின் வரிமீது நூற்றுக்கு 37 வீதம் மிகுவரியும், அதன்மேல் நான்கு வீதம் கல்வி, சுகாதார மேல்வரியும் உண்டு. இவை இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2 கோடியே 87 இலட்சம். இதனை வென்றவரே பின்னர்ச் செலுத்த வேண்டும். முடிவில் அவருக்கே உரியது ஏறக்குறைய 12 கோடியே 88 இலட்சம். அறிவிக்கப்பட்ட தொகையில் பாதியைச் சற்றே கடந்தது! கைக்கு வந்ததெல்லாம் தமதென்று எண்ணி வீடும் நிலமும் வாங்கி முடித்தவர், வரி செலுத்தும் நாளில் கடன்காரராக நிற்க நேரிடும்.

மற்றொரு தொல்லையும் உண்டு. பணம் வரத் தாமதமாகும். உதவி கேட்போர் வரத் தாமதமாவதில்லை. அந்த 25 கோடியை வென்றவர், பணம் கைக்கு வருமுன்னரே, தம் வீட்டில் நிம்மதியாக இருக்க முடியவில்லை என்றும், இப்பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்றும் செய்தியாளரிடம் மனம் நொந்து கூறினார். இத்தகைய அனுபவங்களுக்குப் பின், பம்பர் பரிசு வென்றோருக்குப் பணத்தைப் பேணும் முறையைக் கற்பிக்க, 2023-ஆம் ஆண்டில் கேரள லாட்டரித் துறையே ஒரு நாள் பயிற்சி வகுப்பை ஏற்பாடு செய்தது.

அதே ஆண்டு, மலப்புறம் மாவட்டத்துப் பரப்பனங்காடியில் குப்பை சேகரிக்கும் பெண்கள் பதினொருவர் கூடி 250 ரூபாய்ச் சீட்டு ஒன்றை வாங்கினர். ஒன்பது பேர் தலைக்கு 25 ரூபாய் கொடுத்தனர். மற்ற இருவரும் ஒரு பங்கைத் தம்முள் பாதியாகப் பகிர்ந்தனர். அச்சீட்டுக்குப் பத்துக் கோடி விழுந்தது. பலர் கூடி வாங்கும்போது, இன்னார் இவ்வளவு கொடுத்தார் என முன்னரே எழுதி வைத்தல் நட்பையும் காக்கும், பங்கையும் காக்கும்.

சீட்டு வாங்கும் பழக்கம் எத்தனையோ இல்லங்களின் அடுப்பை அணைத்திருக்கிறது என்பதை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும், எதிர்பாராப் பணம் லாட்டரியால் மட்டும் வருவதன்று. ஓய்வுக்காலத் தொகையாகவோ, நிலம் விற்ற பணமாகவோ, விபத்து இழப்பீடாகவோ அது நம் வாயிலையும் தட்டலாம். அந்நாளில் செய்ய வேண்டியது ஒன்றே: வரியும் கடனும் போக நமக்கு உரியது எவ்வளவு என்பதைக் கணவனும் மனைவியும் ஒன்றாய் அமர்ந்து முதலில் எழுதிப் பார்க்கட்டும். ஊராருக்குச் சொல்வதும், செலவைத் தொடங்குவதும் அதற்குப் பின்னர் ஆகட்டும்.