வெப்சைட் முகப்புப் பக்கம்: பார்க்க வர்றவங்க ஏன் பணம் கட்டாம போறாங்க?

போன வாரம் பேட்டையில நம்ம வீட்டுக்குப் பக்கத்துல தையல்கடை வச்சிருக்கிற அண்ணாச்சிகிட்ட என் வெப்சைட்டைப் போன்ல காட்டினேன். "ஆதரவாளர் ஆகுங்கள்" பட்டன் வச்சு எட்டு மாசம் ஆச்சு, பெருசா யாரும் சேரல, என்ன காரணம்னு கேட்டேன். மேலயும் கீழயும் தள்ளிப் பாத்துட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "தம்பி, இதுல நீ என்னதான்டே சொல்ல வாற?"

அதோட எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. மேல என் போட்டோ, ஓடுற படங்கள், வீடியோ வரிசை, ஆறு பட்டன். யாருக்காக இந்த சைட், பணம் கட்டினா என்ன கிடைக்கும், அந்தப் பணம் எங்க போகும், இந்த மூணுக்கும் பதிலே இல்ல.

நம்ம ஊர்ப் பக்கமே இதுக்கு ஒரு பழைய பாடம் இருக்கு. 1906-ல தூத்துக்குடியில வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 25 ரூபாய் பங்கு 40,000-ஆப் பிரிச்சாங்க. ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்கு வாங்கினார். அதே சமயம் ஒரே ஒரு பங்கு வாங்கவும் வழி இருந்தது. ‘சுதேசியத்துக்கு உதவுங்க’ன்னு மட்டும் சொல்லி விடல. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல நம்ம கப்பல் ஓடணும், அதுக்கு இவ்வளவு பணம் வேணும், ஒரு பங்கு இவ்வளவுன்னு கணக்கு தெளிவா இருந்தது. 1907-ல காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலும் வந்து சேர்ந்துச்சு. (அப்புறம் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சு அடிச்சது, 1908-ல வ.உ.சி. சிறைக்குப் போனது, 1911-ல கம்பெனியைக் கலைச்சது எல்லாம் தனிக் கதை. ஆனா பங்கு வேற, ஆதரவுத்தொகை வேற. நமக்குப் பணம் கட்டுறவங்க நம்ம பங்குதாரர் இல்ல, அந்த மாதிரி நினைக்க வைக்கவும் கூடாது.)

இப்ப நம்ம பக்கத்துக்கு வருவோம். போன்ல திறந்ததும் தெரியுற முதல் திரையில ஒரு வரி போதும். நான் இப்ப எழுதியிருக்கிறது: "மாசச் சம்பளக்காரங்களுக்குக் கடன், காப்பீடு, சேமிப்பு பத்தித் தமிழ்ல, கமிஷன் வாங்காம." கடைசி ரெண்டு வார்த்தைதான் முக்கியம். கடன் ஆப், டிரேடிங் ஆப் விளம்பரம் எடுத்தா வருமானம் வரும், ஆனா அதே ஆப்பைப் பத்தி நேர்மையா வீடியோ போட முடியாது. ஆதரவாளர் பணம் எதுக்குன்னா இதுக்குத்தான். அதை மறைக்காம முகப்புலயே சொல்லிடணும்.

அதுக்குக் கீழ ஒரே ஒரு பட்டன். ரெண்டு தொகை, மிஞ்சிப்போனா மூணு. இதுல எந்தத் தொகையும் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கக் கூடாது. 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாத்து வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்கு. கேக்காமலே கூடையில நன்கொடையைச் சேர்க்கிறது, சேர்றதைச் சுலபமாக்கி விலகுறதைக் கஷ்டமாக்குறது ரெண்டும் அதுல உண்டு. ‘விலக’ங்கிற பட்டனையும் கண்ணுக்குத் தெரியுற மாதிரியே வைங்க. விலகத் தெரிஞ்சவங்கதான் தைரியமா சேருவாங்க.

அடுத்து நான் பண்ணின முட்டாள்தனம். பெருசா ஒரு க்யூஆர் கோடு வச்சிருந்தேன். டீக்கடையில அது சரி. ஆனா நம்ம சைட்டைப் பாக்குறவங்க போன்லதானே பாக்குறாங்க? அந்தப் போனை வச்சு அதே போன் திரையை எப்படி ஸ்கேன் பண்ணுவாங்க? தொட்டா நேரா யுபிஐ ஆப் திறக்கிற பட்டன் வைக்கணும், பக்கத்துல ஐடியைக் காப்பி பண்ண வசதி. க்யூஆர் கம்ப்யூட்டர்ல பாக்குறவங்களுக்கு மட்டும் போதும்.

மாசாமாசம் தானா எடுக்கிற ஆட்டோபே வச்சா, ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே வாடிக்கையாளருக்குத் தகவல் போயிடும். அதாவது ஒவ்வொரு மாசமும் "இது எனக்குத் தேவையா?"ன்னு அவங்க ஒருதடவை யோசிப்பாங்க. அதனால அந்த மாசம் என்ன செஞ்சோம், எவ்வளவு செலவாச்சுன்னு முகப்புல நாலு வரி புதுசாப் போடுங்க. நான் எடிட்டிங், மைக், சர்வர்னு தனித்தனியாப் போடுறேன்.

யூடியூப் மெம்பர்ஷிப் போதாதான்னு கேப்பீங்க. அதுல வரி போக 100 ரூபாய்ன்னா நமக்கு 70 தான். சொந்த சைட்ல பேமெண்ட் கேட்வே பொதுவா 2 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 2 ரூபாய் 36 காசு போகும். ஆனா யூடியூப்ல ஒரு தொடுதல்ல சேர்ந்துடலாம், சைட்டுக்கு ஆளைக் கூட்டிட்டு வர்றது நம்ம பாடு. நான் ரெண்டையும் வச்சிருக்கேன்.

நம்ம மாதிரி பணம் பத்திப் பேசுற சேனல்களுக்கு ஒரு பெரிய எச்சரிக்கை. "ஆதரவாளர்களுக்கு மட்டும் ஷேர் டிப்ஸ்"னு முகப்புல போட்டுடாதீங்க. காசு வாங்கிட்டு முதலீட்டு ஆலோசனை சொல்ல செபி பதிவு வேணும். நான் கொடுக்கிறது பட்ஜெட் எக்ஸல் ஷீட், மாசம் ஒரு கேள்வி பதில் லைவ். எந்த ஷேரை வாங்கலாம்னு அங்க கேட்டா பதில் வராதுன்னு பட்டனுக்குக் கீழயே எழுதிட்டேன்.

வரி விஷயமும் இருக்கு. ஆதரவாளர் பணத்தை அன்பளிப்புன்னு நினைச்சு, 50,000 ரூபாய் வரைக்கும் வரி இல்லைன்னு சில பேர் விட்டுடுறாங்க. நம்ம வேலைக்காக வர்ற பணம் அது, தொழில் வருமானமாத்தான் காட்டணும். அதே மாதிரி, கட்டுறவங்களுக்கு 80ஜி விலக்கு கிடைக்காது, அது அதுக்குன்னு பதிவு பண்ணின அறக்கட்டளைகளுக்குத்தான். ‘நன்கொடை’ங்கிற வார்த்தையை எடுத்துட்டு ‘ஆதரவுத்தொகை’ன்னு நான் மாத்தினதுக்கு அதுதான் காரணம். இந்த ஞாயித்துக்கிழமை பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வீடியோவுல காட்டுறேன். அதுக்கு முன்னாடி அண்ணாச்சிகிட்ட இன்னொரு தடவை போனை நீட்டணும்.