தனிமக் குடும்பங்கள் - 23: யாரும் பார்த்திராத உலோகம்

சென்ற வாரம் 28.5 டிகிரியில் உருகிவிடும் சீசியத்தோடு நிறுத்தினோம். அதற்கும் கீழே இருக்கும் பிரான்சியத்தின் உருகுநிலை, அடர்த்தி, அயனியாக்க ஆற்றல் மூன்றையும் இந்த வாரம் சொல்வதாகப் பேச்சு.

உருகுநிலையை எடுத்துக்கொள்வோம். லித்தியம் 180.5 டிகிரி, சோடியம் 97.8, பொட்டாசியம் 63.5, ருபிடியம் 39.3, சீசியம் 28.5. இறங்க இறங்கப் படிகளின் உயரமும் குறுகுகிறது. அடுத்த படியான பிரான்சியத்துக்குப் பல அட்டவணைகள் 27 என்கின்றன. 8 என்று கணித்தவர்களும் உண்டு. இரண்டுமே கணக்குப் போட்டுச் சொன்னவை. அளந்து பார்க்க ஒரு துளி பிரான்சியம்கூட யார் கையிலும் இருந்ததில்லை. அதன் வகைகளில் நீண்ட ஆயுள் கொண்ட பிரான்சியம்-223-இன் அரை ஆயுளே 22 நிமிடம்தான். பூமியின் மேலோடு முழுவதையும் சலித்தாலும் ஒரு நேரத்தில் 20, 30 கிராம்தான் தேறும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் திரட்டினால், தன் சிதைவின் வெப்பத்திலேயே அது ஆவியாகிவிடும்.

அப்படியானால் அது கார உலோகம் என்பது எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்வியிலேயே என் வாரம் முழுவதும் போய்விட்டது.

பாரிஸின் ரேடியம் ஆய்வு நிலையத்தில் மேரி கியூரியின் உதவியாளராக 1929-இல் சேர்ந்தவர் மார்கரீத் பெரே. அப்போது வயது 19, பட்டம் கிடையாது. லாந்தனத்தோடு ஒட்டிக்கிடக்கும் ஆக்டினியத்தைப் பிரித்துச் சுத்தம் செய்வது அவர் வேலை. வருடக்கணக்காக அதையே செய்து கை தேர்ந்தவர். அந்தக் கையின் வேகம்தான் கண்டுபிடிப்புக்கு வழி விட்டது. சுத்தம் செய்த சில நிமிடங்களுக்குள் அளந்தபோது, பீட்டா கதிர்வீச்சு விறுவிறுவென ஏறி, பிறகு நிலைத்தது. மெதுவாக வேலை செய்கிறவர் கண்ணில் அந்த ஏற்றம் படவே படாது.

ஏதோ புதிதாகப் பிறக்கிறது என்று ஊகித்தார். எடை போட முடியாத அந்தப் பொருளைப் பிடிக்க அவர் செய்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. கரைசலில் சீசியம் உப்பைச் சேர்த்து, அதைப் பெர்குளோரேட்டாகப் படிய வைத்தார். சீசியம் படிகமாக இறங்கியது. புதிய கதிர்வீச்சும் அதோடு சேர்ந்து இறங்கியது. உறவுக்காரன் போகும் வண்டியில் தானும் ஏறிக்கொண்டதால் 87-ஆம் தனிமம் தன் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. 1939, ஜனவரி. அரை ஆயுள் 21 நிமிடம் என்று அளந்தார். இன்றைய கணக்கு 22.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. நூறு ஆக்டினியம்-227 அணுக்களில் ஏறத்தாழ ஒன்றுதான் ஆல்ஃபா துகளை உமிழ்ந்து பிரான்சியமாகிறது. அந்தத் தாயின் அரை ஆயுள் ஏறக்குறைய 22 வருடம். மகளுக்கு 22 நிமிடம். இயற்கையில் இது தற்செயல்தான். ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெரே 1946-இல் முனைவர் பட்டம் பெற்றார். தனிமத்துக்குத் தன் நாட்டின் பெயரை வைத்தார். பிரெஞ்சு அறிவியல் கழகம் 1911-இல் மேரி கியூரியை உள்ளே விடவில்லை; 1962-இல் அதே கழகம் பெரேவைத் தொடர்பு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது, அந்தத் தகுதியைப் பெற்ற முதல் பெண்ணாக. வருடக்கணக்கில் கதிரியக்கத்தைக் கையாண்ட உடலைப் புற்றுநோய் பிடித்தது. 1975-இல் மறைந்தார்.

அடர்த்தியும் அயனியாக்க ஆற்றலும் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வெளி எலக்ட்ரானைப் பிடுங்க சீசியத்துக்கு 3.89 எலக்ட்ரான் வோல்ட் போதும். இறங்கு வரிசைப்படி பிரான்சியத்துக்கு அதைவிடக் குறைவாக வேண்டும். அளந்தால் 4.07! கடைசிப் படி மேலே ஏறுகிறது. ஏற்றிவிட்டது ஐன்ஸ்டைனின் சார்பியல். அது எப்படி என்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.

(தொடரும்)