ஒரு விவரம், ஒரே இடம்

பள்ளி நூலகத்தில் தடித்த பதிவேடு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். புத்தகம், ஆசிரியர், எடுத்தவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் ஒரே வரியில் இருக்கும். ஒரு மாணவி ஆண்டில் நாற்பது புத்தகங்கள் எடுத்தால் அவள் முகவரியும் நாற்பது முறை எழுதப்படும். அவள் வீடு மாறினால்? அத்தனை வரிகளையும் திருத்த வேண்டும். ஓரிரு வரிகள் தப்பிவிட்டால் ஒரே மாணவிக்கு இரண்டு முகவரிகள்! எது சரி என்று பதிவேடு சொல்லாது. யாருமே எடுக்காத புத்தகத்தின் ஆசிரியர் பெயரை எழுதவோ அதில் இடமே இல்லை.

நூலகத்தில் இது சிறு தொல்லை. மருத்துவமனைக் குறிப்பில் ஒரே நோயாளிக்கு இரண்டு இரத்தப் பிரிவுகள் இருந்தால் என்ன ஆகும்?

1960-களின் கணிப்பொறிகளில் வேறொரு சிக்கலும் இருந்தது. அப்போலோ விண்கலத்தின் பாகங்களைக் கணக்கில் வைக்க, ஐ.பி.எம். நிறுவனம் வேறு நிறுவனங்களுடன் சேர்ந்து ஐ.எம்.எஸ். என்ற அமைப்பை உருவாக்கியது. அதில் விவரங்கள் மரக்கிளைகள்போல் அமைந்திருக்கும். இயந்திரத்தின் கீழே அதன் பாகங்கள், அவற்றின் கீழே திருகாணிகள். மேலிருந்து இறங்குவது எளிது. ‘இந்தத் திருகாணி எந்தெந்த இயந்திரங்களில் இருக்கிறது?’ என்று கீழிருந்து கேட்டால்தான் திண்டாட்டம். கிளைகளை மாற்றி அமைத்தாலோ, பழைய வழியை நம்பி எழுதிய புரோகிராம்கள் கெட்டுவிடும்.

அதே ஐ.பி.எம்மில் பணியாற்றிய எட்கர் காட், 1970 ஜூனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணிதம் பயின்றவர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானி. கணிதத்தில் ‘உறவு’ என்று படிக்கிறீர்களே, அதையே அவர் கையில் எடுத்தார். ‘உறவுமுறைத் தரவுத்தளம்’ என்ற பெயர் அட்டவணைகளுக்கு இடையே உள்ள உறவால் வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. ஒவ்வோர் அட்டவணையும் தானே ஓர் உறவு. அதாவது வரிகளின் கணம். கணத்தில் வரிசைக்கு மதிப்பில்லை அல்லவா? எந்த வரி முன்னே, எது பின்னே என்ற கவலை இங்கும் இல்லை.

நமது பதிவேட்டை மூன்றாகப் பிரிப்போம். மாணவர் அட்டவணையில் எண், பெயர், முகவரி. புத்தக அட்டவணையில் எண், தலைப்பு, ஆசிரியர். மூன்றாவதில் ‘7, 112, ஜூன் 20’ என்பதுபோல எண்களும் தேதியும் மட்டுமே. 7 யார் என்பதை முதல் அட்டவணையும், 112 எந்தப் புத்தகம் என்பதை இரண்டாவதும் சொல்லும். முகவரி மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். 7-ஆம் எண் மாணவி எடுத்தவை எவை, 112-ஆம் புத்தகத்தை எடுத்தவர்கள் யார் - இரண்டு கேள்விகளுக்கும் அதே அட்டவணைகள் விடை தரும். ‘என்ன வேண்டும்’ என்று நீங்கள் கேட்டால் போதும். ‘எப்படித் தேடுவது’ என்பது கணிப்பொறியின் பாடு.

அட்டவணைகளை இப்படி ஒட்டிப் பார்ப்பது மிக மெதுவாக நடக்கும் என்று பலர் ஐயுற்றனர். நியாயமான ஐயம்தான். 1974-இல் ஐ.பி.எம். தொடங்கிய ‘சிஸ்டம் ஆர்’ சோதனையில், எந்த அட்டவணையை முதலில் புரட்டினால் செலவு குறையும் என்று கணிப்பொறியே மதிப்பிடக் கற்றது. டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் உருவாக்கிய கேள்வி மொழிதான் இன்றைய எஸ்.க்யூ.எல். காட் 1981-இல் டூரிங் விருது பெற்றார்.

ஒரு புத்தகத்துக்கு இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் நமது மூன்று அட்டவணைகள் போதுமா? தாளில் கோடு போட்டுப் பாருங்கள்.