உலக முடிவுக்குக் காலையிலேயே போங்கள்

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வந்த பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "உலக முடிவில் ஒன்றுமே தெரியவில்லை, ஒரே பனிமூட்டம்." எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று கேட்டால், பத்து மணிக்கு மேல் என்பார்கள்.

இலங்கை மலைநாட்டின் தென்விளிம்பில், கடல் மட்டத்துக்கு மேல் 2,100 முதல் 2,300 மீட்டர் உயரத்தில் விரிந்த மேட்டுநிலம் இது. தெற்கே தரை சட்டென்று அறுந்து சுமார் 870 மீட்டர் கீழே இறங்குகிறது. அந்த விளிம்புதான் உலக முடிவு. வெயில் ஏறியதும் கீழ்நாட்டின் ஈரக் காற்று சூடாகி இந்தப் பாறைச் சுவரை ஒட்டி மேலெழும். மேலே வந்து குளிர்ந்ததும் ஈரம் முகிலாகத் திரண்டு விளிம்பை மூடிவிடும். விடியலில் பளிச்சென்றிருந்த வானத்தை நம்பி ஆறுதலாக நடப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ஆகவே காலை ஆறு மணியளவில் நுழைவாயிலில் நில்லுங்கள். நுவரெலியாவில் தங்கியிருந்தால் ஐந்து மணிக்கு முன்பே வாகனம் புறப்பட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, ஆனால் குளிர் கடுமை. சில விடியல்களில் புல்லில் உறைபனி வெளுத்திருக்கும். ஸ்வெட்டரும் மழையங்கியும் இரண்டும் வேண்டும்.

வட்டப் பாதை சுமார் 9 கிலோமீட்டர். சாதாரண நடைக்கு மூன்று மணி நேரம் ஆகும். பாதை பிரியும் இடத்தில் முதலில் உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள். அதே பாதையில் வரும் பேக்கர் அருவி எங்கேயும் ஓடிவிடாது.

வாயிலில் பையைத் திறந்து பார்த்து பொலித்தீன் உறைகளை எடுத்துவிடுவார்கள். சிலர் முணுமுணுப்பதுண்டு. ஆனால் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் மரைகளைப் பார்த்தால் காரணம் புரியும். பெரிய மான் இனமான இவை ஆட்களுக்குப் பழகிவிட்டன, உணவு வாசனை வந்தால் உறையையும் சேர்த்தே விழுங்கும். படம் எடுக்கத் தோதாக இருக்கிறதென்று பிஸ்கட் நீட்டாதீர்கள்.

பாதையை விட்டு இறங்காதீர்கள் என்பதும் வெறும் கெடுபிடி அல்ல. குட்டையாய் முறுகி, பாசி போர்த்து நிற்கும் இங்குள்ள மரங்கள் மழையை மட்டுமல்ல, கடந்துபோகும் முகிலின் துளிகளையும் பிடித்துச் சொட்டவிடுகின்றன. புல்வெளியின் கரிய, மெத்தென்ற மண் அதை உறிஞ்சி மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. மிதிபட்டு இறுகிய மண்ணில் நீர் இறங்காது, மேலாக ஓடிவிடும்.

தேயிலை இங்கே ஏறாததற்கும் ஒரு கதை உண்டு. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளில் கைவைக்க வேண்டாம் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆங்கில அரசுக்கு ஆலோசனை சொன்னார். ஹோர்ட்டன் சமவெளி 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது.

திரும்பும்போது வந்த வழியே போகாமல் ஒகிய பக்கமாக இறங்கலாம். காட்டுக்குள் வளைந்து இறங்கும் அந்த வீதி கொழும்பு–பதுளை பாதையிலுள்ள ஒகிய ரயில் நிலையத்தில் முடியும். கால் வலிக்காதவர்கள் அதையும் நடந்தே போகிறார்கள்.