தானே கட்டும் லினக்ஸுக்குப் பொதி முகாமை தேவையா?

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு பொருளைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தால்தான் அது எங்களுடையது என்ற எண்ணம் அந்தக் காலம் தந்தது. பல வருடங்களின் பின் பழைய மடிக்கணினி ஒன்றில் ‘லினக்ஸ் ஃப்ரொம் ஸ்க்ராட்ச்’ வழிகாட்டி நூலைப் பின்பற்றி ஓர் இயங்குதளத்தைக் கட்ட உட்கார்ந்ததும் அதே எண்ணத்துடன்தான்.

ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் தொடங்கிய திட்டம் இது. சுமார் 80 பொதிகளின் மூல நிரல்களை ஒவ்வொன்றாகத் தொகுத்து, கையாலேயே ஒரு முழு லினக்ஸை உருவாக்க அது கற்றுத் தருகிறது. ஆனால், பொதி முகாமைக் கருவி எதையும் அது சேர்ப்பதில்லை.

உபுண்டு, டெபியன் போன்றவற்றில் அந்தக் கருவி மூன்று வேலைகளைச் செய்கிறது: எந்தக் கோப்பு எந்தப் பொதிக்குரியது என்று பதிந்து வைக்கிறது, ஒன்றுக்கு வேறு எது தேவை என்று பார்க்கிறது, பாதுகாப்பாக நீக்கவும் புதுப்பிக்கவும் உதவுகிறது.

அதைச் சேர்க்காததற்கு நூலே காரணம் சொல்கிறது. லினக்ஸ் எப்படிக் கட்டப்படுகிறது என்பதிலிருந்து கவனம் சிதறிவிடும். தீர்வுகள் பல, எல்லோருக்கும் பொருந்தும் ஒன்று இல்லை. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால், ‘சேர்க்கவில்லை’ என்பதை ‘தேவையில்லை’ என்று நான் விளங்கிக்கொண்டதுதான் பிழை.

சில மாதங்களில், வேண்டாத ஒரு படத் திருத்தியைக் கையால் நீக்கினேன். அதனுடையது என்று நினைத்து ஜேபெக் நிரலகத்தையும் அழித்துவிட்டேன். அடுத்த நிமிடம் இணைய உலாவி திறக்க மறுத்தது. இரண்டுக்கும் பொதுவான கோப்பு அது. எதை எங்கே வைத்தேன் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் குறிப்புக்கூட இருக்கவில்லை.

வழிகள் இருக்கின்றன. ‘எல்லாம் என் தலைக்குள்’ என்பதையும் அந்த நூல் ஒரு முறையாகவே குறிப்பிடுகிறது. ஒவ்வொரு பொதியையும் தனி அடைவில் வைத்து, க்னூ ஸ்டோ மூலம் இணைப்புகள் கொடுக்கலாம். பொதிக்கு ஒரு பயனர் கணக்கு என உருவாக்கினால், கோப்பின் உரிமையாளர் பெயரே அது எந்தப் பொதிக்குரியது என்று சொல்லிவிடும். நான் இப்போது செய்வது எளிது: ‘டெஸ்ட்டிர்’ மாறியைக் கொடுத்து முதலில் வெற்று அடைவொன்றில் நிறுவுகிறேன், அங்குள்ள கோப்புகளின் பட்டியலைச் சேமித்த பிறகே அவற்றை உரிய இடத்துக்கு மாற்றுகிறேன்.

இது வெறும் ஒழுங்கு பற்றிய விடயமல்ல. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசியப் பின்வாசல் கண்டுபிடிக்கப்பட்டது. அன்று ஒவ்வொருவரும் கேட்க வேண்டியிருந்த முதல் கேள்வி: என் கணினியில் இருப்பது எந்தப் பதிப்பு? அந்தப் பின்வாசல் குறிவைத்ததே டெபியன், ஆர்பிஎம் முறையில் கட்டப்படும் பொதிகளைத்தான். ஆகவே பொதி முகாமைக் கருவி மட்டும் எங்களைக் காப்பாற்றாது. ஆனால், பதிவேடு இல்லாதவருக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வதும் கடினம்.

முதன்முறை கட்டுபவர் கருவி இல்லாமலே கட்டட்டும். கற்பதற்கு அதுவே நல்லது. ஆனால், அன்றாடம் பாவிக்கப்போகும் கணினி என்றால், முதலாவது பொதியிலிருந்தே பட்டியலை எழுதத் தொடங்குங்கள். எண்பதாவது பொதிக்குப் பிறகு நினைவிலிருந்து எழுத முடியாது.