கண்ணும் கேமராவும்

கேமரா என்றதும் என்ன நினைவுக்கு வரும்? கல்யாணம், காதுகுத்து, ரேஷன் கார்டு போட்டோ. இந்தப் படங்களில் எல்லாம் மனிதர்கள்தான் இருப்பார்கள்.

மலையைப் படம் எடுப்பவர்களும் உண்டு. ஆற்றை, வயலை, ஏரியை எடுப்பவர்களும் உண்டு. பலர் கூலிக்காக எடுப்பதில்லை. வேலை முடிந்த நேரத்தில் ஆசைக்காக எடுக்கிறார்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எடுத்து எடுத்துப் பழக வேண்டும். எடுத்ததைப் பிறரிடம் காட்டிக் குறை கேட்க வேண்டும்.

வங்கி ஊழியர் ஏறிய மலை

சாமுவேல் போர்ன் இங்கிலாந்துக்காரர். ஒரு வங்கியில் எழுத்தராக இருந்தார். ஓய்வு நேரத்தில் படம் எடுத்துப் பழகினார். படங்களைக் கண்காட்சியில் வைத்தார். பிறகு வேலையை விட்டார். 1863-இல் இந்தியாவுக்கு வந்தார். 1863, 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை இமயமலைக்குப் பயணம் போனார்.

அவர் பயன்படுத்தியது கண்ணாடித் தகடு. தகட்டில் மருந்து பூச வேண்டும். ஈரம் காயும் முன் படம் எடுக்க வேண்டும். உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவ வேண்டும். கேமரா, கண்ணாடி, மருந்து, கூடாரம் எல்லாவற்றையும் கூலியாட்கள் மலையில் சுமந்தார்கள். ஒரு படத்துக்கு இவ்வளவு பாடு. எனவே நன்றாகப் பார்த்த பிறகே எடுக்க வேண்டியிருந்தது.

1866-இல் போர்ன் கோமுகத்தைப் படம் எடுத்தார். கங்கோத்ரி பனியாறு முடியும் இடம் அது. பனியாறு என்பது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டி. அன்று அது முடிந்த இடத்தில் இன்று பனி இல்லை. உருகி உருகி மேலே பின்வாங்கிவிட்டது. பழைய படம் அதற்குச் சாட்சி.

வெயிலைக் கவனியுங்கள்

இன்று செல்போனிலேயே கேமரா இருக்கிறது. ஒரு நிமிடத்தில் 20 படம் எடுக்கலாம். ஆனால் பார்க்கும் பழக்கம் குறைந்துவிட்டது.

ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஊர் ஏரி என்று வைத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் ஒரு படம் எடுங்கள். நிழல் காலடியில் கிடக்கும். வானம் வெளுத்திருக்கும். மேடு பள்ளம் சரியாகத் தெரியாது.

அதே இடத்துக்கு விடியற்காலையில் போங்கள். சூரியன் தாழ்வாக இருக்கும். வெளிச்சம் சாய்ந்து விழும். நிழல் நீளும். வரப்பு, பாறை, அலை எல்லாம் எடுப்பாகத் தெரியும். மாலையிலும் அப்படித்தான். மழை விட்டதும் போங்கள். காற்றில் தூசி அடங்கியிருக்கும். தூரத்து மலை பளிச்சென்று தெரியும்.

இவற்றையும் கவனியுங்கள்:

* லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள்.
* கையை மரத்திலோ சுவரிலோ சாய்த்துப் பிடியுங்கள். கை ஆடினால் படம் கலங்கும்.
* செல்போனைச் சாய்க்காதீர்கள். ஏரி ஒரு பக்கமாக வழிவது போல் தெரியும்.
* திரையில் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். முடிந்தால் நடந்து கிட்டே போங்கள்.
* திரையைப் பார்த்தபடி பின்னால் நகராதீர்கள். கரை வழுக்கும்.

குறை கேட்பது ஏன்?

எடுத்தவருக்குத் தன் படத்தின் குறை எளிதில் தெரியாது. அவர் அங்கே நின்றவர். குளிர்ந்த காற்று அவர் மேல் பட்டது. பறவைச் சத்தம் அவர் காதில் விழுந்தது. படத்தைப் பார்த்தால் அதெல்லாம் நினைவுக்கு வரும். படம் அழகாகத் தோன்றும்.

மற்றவருக்கோ படத்தில் உள்ளது மட்டும்தான் தெரியும். "நடுவில் என்ன மின்கம்பம்?" என்பார். அப்போதுதான் எடுத்தவர் கண்ணில் கம்பம் படும்.

குழம்பில் உப்புக் குறைவு என்று சாப்பிடுகிறவர் சொல்கிறார். அதற்குச் சமைத்தவர் கோபித்துக்கொண்டால் நாளைக்கும் உப்புக் குறையும்.

படம் எடுப்பவர்கள் ஒன்றுகூடுவது பழைய வழக்கம். பம்பாயில் 1854-இலும் கல்கத்தாவில் 1856-இலும் போட்டோ சங்கங்கள் தோன்றின. இன்றும் பல நகரங்களில் இப்படிச் சங்கங்கள் உண்டு. சங்கம் இல்லாத ஊரில் நாலு பேர் போதும்.

"நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்று சொல்லிப் போய்விடுவார்கள். "முதலில் கண் எங்கே போகிறது? எது இடைஞ்சலாக இருக்கிறது?" என்று கேளுங்கள்.

சொல்பவரும் காரணத்தோடு சொல்ல வேண்டும். "மோசம்" என்றால் ஒன்றும் விளங்காது. "பாதிப் படம் வெறும் வானம், ஏரி சின்னதாகிவிட்டது" என்றால் விளங்கும்.

கேட்டதும் வாதாட வேண்டாம். மறுநாள் அதே இடத்தில் மாற்றி எடுத்துப் பாருங்கள். படம் நன்றாக வந்தால் அந்த யோசனையை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

செய்து பாருங்கள்

1. மாதம் ஒரு முறை அதே இடத்தில் நின்று ஏரியைப் படம் எடுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள்.
2. வருஷ முடிவில் 12 படங்களையும் வரிசையாகப் பாருங்கள். எந்த மாதம் தண்ணீர் ஏறியது? எந்த மாதம் வற்றியது? எந்த மூலையில் குப்பை சேர்ந்தது?
3. அந்தப் படங்களை ஊர்ப் பெரியவர்களிடம் காட்டுங்கள். அந்தக் காலத்தில் ஏரி எதுவரை இருந்தது என்று கேளுங்கள்.