வாத்தின் நுரையீரலில் காற்றைத் திருப்பிவிட்டபோது

உறுப்பின் அமைப்பை ஒரு வகுப்பிலும் அதன் இயக்கத்தை இன்னொரு வகுப்பிலும் படித்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் நிற்கும் என்பது இத்தொடரின் வாதம். மீனின் செவுளில் நீரும் ரத்தமும் எதிரெதிராக ஓடுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் ஒட்டகத்தின் மூக்கு என்று சொல்லியிருந்தேன். ஆனால், பறவையின் நுரையீரலைத் தாண்டி அங்கே போக மனம் வரவில்லை.

நம் நுரையீரலில் காற்று போன வழியே திரும்பி வருகிறது. பறவைக்கு அப்படியில்லை. அதன் நுரையீரல் விரிந்து சுருங்குவது மிகக் குறைவு. துருத்தி வேலையைச் செய்பவை அதை ஒட்டியிருக்கும் காற்றுப்பைகள். உள்ளே இழுத்த காற்றில் பெரும்பகுதி முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போகிறது. மூச்சை விடும்போது அங்கிருந்து நுரையீரலுக்குள் நுழைகிறது. மறுபடி இழுக்கும்போது முன்பக்கப் பைகளுக்கு நகர்கிறது. அடுத்து விடும்போதுதான் வெளியேறுகிறது. ஒரே காற்று உடலைக் கடக்க இரண்டு மூச்சு வேண்டும்! இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலின் பெரும்பாலான நுண்குழாய்களில் காற்று ஒரே திசையில்தான் ஓடுகிறது. காற்றுப்பைகள் இருப்பதை உடற்கூறியலார் பல நூற்றாண்டுகளாக அறிவார்கள். ஆனால், காற்று எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை இறந்த பறவையை அறுத்துத் தீர்மானிக்க முடியாது. அதைத் திருப்பிவிடும் மடல் போன்ற வால்வு எதுவும் அங்கே கண்ணில் படுவதில்லை. குழாய்கள் கிளை பிரியும் கோணமும் காற்றின் வேகமும் சேர்ந்தே வால்வின் வேலையைச் செய்கின்றன. ட்யூக் பல்கலைக்கழகத்தில் நட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய குழுவினரும் உயிருள்ள பறவைகளில் அளந்து பார்த்தது இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பெரிதும் உதவியது.

காற்று ஒரே திசையில் ஓடுகிறது என்றால், செவுளைப் போலவே ரத்தம் அதற்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும் என்று நினைப்பது இயல்பு. அறிஞர்களும் அப்படி நினைத்தார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கனில் பீட்டர் ஷைடும் யோஹனஸ் பீப்பரும் செய்து 1972-இல் வெளியிட்ட சோதனை இந்த இடத்தில்தான் வருகிறது. எதிரோட்டம் உண்மையானால் காற்றைத் தலைகீழாக ஓட்டும்போது வாயுப் பரிமாற்றம் சரிய வேண்டும். மீனில் நீரைத் திருப்பிவிட்டுப் பார்த்தபோது ஆக்சிஜன் எடுப்பு அப்படித்தான் கடுமையாகச் சரிந்தது. வாத்தின் நுரையீரலில் காற்றை எதிர்ப்புறமாகச் செலுத்தினார்கள், பரிமாற்றம் குறையவில்லை. ஆக, ரத்தம் எதிராக ஓடவில்லை, குறுக்கே ஓடுகிறது. குழாயின் நீளம் முழுவதும் பல இடங்களில் ரத்தம் காற்றைத் தொட்டுவிட்டு ஒன்றாகக் கலக்கிறது. அதனால் காற்று எந்த முனையிலிருந்து நுழைந்தாலும் கணக்கு மாறுவதில்லை. ஒன்றுமே மாறாததே விடையாக அமைந்த இத்தகைய சோதனை அறிவியலில் அரிது.

ரத்தநாளங்களின் அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்தே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால், நாளங்களின் வரைபடம் எவையெல்லாம் சாத்தியம் என்று காட்டுமே தவிர, உயிருள்ள உடலில் எது நடக்கிறது என்று தீர்ப்புச் சொல்லாது. மறுபக்கமும் உண்டு: அந்த வரைபடம் கையில் இல்லாதவருக்கு, பரிமாற்றம் மாறவில்லை என்ற அளவீடு வெறும் எண்ணாகவே நின்றிருக்கும்.

இன்னொரு மறுப்பு வலுவானது. மருத்துவத்துக்கு மனிதனும் எலியும் போதும், வாத்து எதற்கு? ஏராளமான கேள்விகளுக்கு அவற்றை ஆராய மிக ஏற்ற ஒரு விலங்கு இருக்கும் என்று உடலியல் அறிஞர் ஆகஸ்ட் க்ரோ 1929-இல் எழுதினார். கணவாயின் பருத்த நரம்பிழை கிடைத்ததால்தான் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புத் துடிப்பின் இயக்கத்தை விளக்கினார்கள்; 1963-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரே விலங்கைப் பார்ப்பவர் அதன் அமைப்புக்குத் தவறான நோக்கம் கற்பித்துவிடுவார். ஒருதிசைக் காற்றோட்டம் பறப்பதற்காகவே தோன்றியது என்று கருத இடமிருந்தது. 2010-இல் காலீன் ஃபார்மரும் கென்ட் சாண்டர்ஸும் அமெரிக்க முதலையான அலிகேட்டரின் நுரையீரலிலும் காற்று ஒரே திசையில் ஓடுவதைக் காட்டினார்கள். 2014-இல் உடும்பினம் ஒன்றிலும் பச்சை இகுவானாவிலும் அதுவே கண்டறியப்பட்டது. இவை எதுவும் பறப்பவை அல்ல. பறவைக்கு அந்த ஏற்பாடு உதவுகிறது என்பது உண்மை. அது பறப்பதற்காகவே உருவானது என்ற முடிவு இனி நிற்காது. பறவையை மட்டும் எத்தனை ஆண்டு அறுத்திருந்தாலும், அளந்திருந்தாலும் இது தெரிய வந்திருக்காது.

ஒட்டகத்தின் மூக்கு அடுத்த வாரம். அதற்குள் எதிரோட்டத்தையும் குறுக்கோட்டத்தையும் ஒரு தாளில் அருகருகே வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது தேவைப்படும்.